அவகாடோ கன்றுக்கான இயற்கைப் பாதுகாப்புப் பெட்டி: பொருள் நன்று, கையேடு மோசம்

புதிதாக நட்ட அவகாடோ கன்றின் மீது ரசாயனப் பூச்சிக்கொல்லி படவே கூடாது என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. அதனால்தான் இந்தப் பெட்டியை வாங்கினோம். உள்ளே ஒரு பாட்டில் வேப்பெண்ணெய், சிறிய பாட்டிலில் பொட்டாசியம் சோப் கரைசல், மஞ்சள் ஒட்டும் அட்டைகள், தண்டில் சுற்றும் பசைப்பட்டை, ஒரு பொட்டலம் வெள்ளைக் களிமண் தூள், கூடவே ஒரு கையேடு. கன்று வேர்பிடித்துப் புதுத் துளிர் விட்டிருக்கிறது. பெட்டியின் ஒவ்வொரு பொருளையும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. சுருக்கமாகச் சொன்னால், பொருட்களில் பாதி தரமானவை, கையேட்டை நம்பினால் கெட்டோம், மிக அவசியமான ஒன்று பெட்டியிலேயே இல்லை.

வேப்பெண்ணெயை முதலில் பார்ப்போம். மூடியைத் திறந்ததும் பூண்டும் கந்தகமும் சேர்ந்தது போன்ற நாற்றம் மூக்கில் ஏறுகிறது. முகம் சுளிக்காதீர்கள், நல்ல எண்ணெய் இப்படித்தான் நாறும். சூடேற்றாமல் பிழிந்த எண்ணெயில்தான் அசாடிராக்டின் என்ற பொருள் தங்கியிருக்கும். பூச்சியைத் தின்ன விடாமல் செய்வதும், தோலுரித்து வளர விடாமல் தடுப்பதும் அதுதான். பார்வைக்குத் தெளிவாக, வாசனை குறைவாக வரும் சுத்திகரித்த வகைகளில் இது பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். அவை பூச்சியின் உடலை மூடி மூச்சை அடைக்கும் எண்ணெயாக மட்டுமே வேலை செய்யும். நாற்றத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பாட்டிலுக்கு முழு மதிப்பெண். குளிரில் உறைந்துபோனால் குறை என்று நினைக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் இளகிவிடும்.

கலப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி எண்ணெய் போதும். முதலில் சோப்பைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் கரைத்துவிட்டு, எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். சரியாகக் கலந்தால் நீர் முழுவதும் பால் நிறத்துக்கு மாறும். அப்படியே இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். மேலே மஞ்சளாகக் கண் கண்ணாக எண்ணெய் மிதந்தால் கலவை இன்னும் சேரவில்லை என்று பொருள். அதைத் தெளித்தால் ஒரு இலைக்கு வெறும் நீரும் இன்னொரு இலைக்கு வெறும் எண்ணெயும் போய்ச் சேரும், எண்ணெய் விழுந்த இலை வெயிலில் கருகும். கடின நீரில் இந்தச் சோப் நுரைக்காமல் வெள்ளைத் திப்பிகளாகத் திரிந்துவிடுகிறது. மழைநீரைப் பிடித்து வைத்துக் கலந்தால் இந்தத் தொல்லை இல்லை. கலந்ததை அன்றைக்கே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும். நீரில் கலந்த அசாடிராக்டின் நாள்பட நிற்காது, காரத்தன்மையுள்ள நீரில் இன்னும் வேகமாகச் சிதையும். இவ்வளவு முக்கியமான விவரத்தில் ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லை.

தெளிப்பதற்கு ஏற்றது மாலை நேரம். வெயில் பட்டால் மருந்தின் வீரியமும் போகும், இலையும் பொசுங்கும். இலையின் மேற்புறத்தை மட்டும் பளபளவென்று நனைத்துவிட்டுத் திருப்திப்படுவதில் பயனில்லை. பூச்சி குடியிருப்பது அடிப்புறத்தில்தான்.

கையேடு என்ன சொல்கிறது? பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரந்தோறும் தெளிக்க வேண்டுமாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணெய்க்கு நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாது. இலையைச் சுரண்டும் சிலந்திப்பேனை வேட்டையாடித் தின்னும் நல்ல பேன்களும் உண்டு, மேலே பட்டால் அவையும் சாகும். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு, பார்வைக்கு மாவுப்பூச்சியைப் போலவே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்கும். கொழுத்த மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கக் கை நீளும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அது விறுவிறுவென்று நடந்தால் விட்டுவிடுங்கள், உங்கள் வேலையைத்தான் அது செய்துகொண்டிருக்கிறது.

கன்றில் இருப்பதோ கைவிட்டு எண்ணக்கூடிய இலைகள். காலையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரமாகிவிடும்? நரம்பை ஒட்டிப் பழுப்புப் புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் சிலந்திப்பேன். இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு ஒட்டியது போலிருந்தால் மாவுப்பூச்சி. இவற்றுக்கும் அசுவினிக்கும் முதலில் நீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிர்ந்துவிடும். மீதி இருந்தால் எண்ணெயை எடுக்கலாம். இலையில் பெரிய ஓட்டைகள் இருந்தால் இரவில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். நத்தையோ வண்டோ புழுவோ கையும் களவுமாகச் சிக்கும். அதற்கு வேப்பெண்ணெய் வேண்டாம், விரல் போதும்.

வாரந்தோறும் ஏன் என்று விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். கையேட்டில் இருந்த அதே பத்தியைப் பதிலாக அனுப்பிவைத்தார்கள்.

மஞ்சள் அட்டைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளை ஈயும் இலைப்பேனும் வந்துவிட்டனவா என்று தெரிந்துகொள்ள ஒரு அட்டை போதும். கட்டுப்படுத்துவதற்கென்று கன்றைச் சுற்றித் தோரணம் கட்டினால் நன்மை செய்யும் சின்னஞ்சிறு குளவிகள்தான் அதில் மாட்டிச் சாகும். காற்றில் இலையும் போய் ஒட்டிக்கொள்ளும்.

பசைப்பட்டை அப்படியல்ல, உண்மையிலேயே உபயோகமான பொருள். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் வெளியேற்றும் இனிப்பான கழிவுக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கின்றன, பொறிவண்டை நெருங்க விடாமல் விரட்டுகின்றன. காவலை எடுத்துவிட்டால் மற்றதைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். ஆனால் கன்றின் பட்டை இன்னும் பச்சையாக, மென்மையாக இருக்கிறது. பசை நேராகப் பட்டால் கெட்டுவிடும். முதலில் துணியோ காகிதமோ சுற்றி, அதன் மேல் பசைப்பட்டையைத் தளர்வாகக் கட்ட வேண்டும். ஊன்றுகோலுக்கும் ஒன்று கட்டாவிட்டால் எறும்புகள் அந்த வழியாக ஏறிவிடும். பசையில் தூசி படிந்தால் அதுவே பாலமாகிவிடும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிறது.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது, கையேடு இரண்டே வரியில் கடந்துபோகும் வெள்ளைக் களிமண் தூள். நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றைத் திறந்த வெளியில் நட்டதும் அதன் தண்டு நேராக வெயிலில் நிற்கிறது. இலை அடர்ந்து தன் நிழலைத் தானே போட்டுக்கொள்ளும்வரை பட்டை வெந்து வெடிக்கும் அபாயம் உண்டு, வெடிப்பில் பூச்சியும் பூசணமும் புகும். தூளைக் குழைத்துத் தண்டிலும் பிற்பகல் வெயில் படும் கிளைகளிலும் பூசினால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மழையில் கரைந்துவிடும், மறுபடி பூச வேண்டும். தூள் தீர்ந்தால் நீரில் கரையும் வெள்ளைச் சுவர்ப் பெயின்டில் சமபங்கு நீர் கலந்து பூசலாம், தோட்டக்காரர்கள் கையாளும் முறைதான் அது. எண்ணெய்ப் பெயின்ட் மட்டும் கூடாது.

இனி, பெட்டியில் இல்லாதது. அவகாடோ கன்றைப் பூச்சி கொல்வதைவிட நீர் கொல்வது அதிகம். இந்த மரத்தின் உறிஞ்சுவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுகின்றன, வேர்த்தூவிகளும் மிகக் குறைவு. வறட்சியும் தாங்காது, தேங்கிய நீரும் தாங்காது. நீர் தேங்கினால் பைட்டோப்தோரா என்ற கிருமி வேரை அழுகவைக்கும். அதன் வித்துகள் ஈரமண்ணில் நீந்திப் போய் அடுத்த வேரைப் பிடிக்கும். கையேடோ, வேரழுகலுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை வேரில் ஊற்றச் சொல்கிறது! நோய்க்குக் காரணமே தேங்கிய ஈரம் எனும்போது மேலும் நீரை ஊற்றச் சொல்வதை என்னவென்பது?

வேண்டியது மேடான நடவு, வடிகால், மூடாக்கு. பருமனான மரச்சீவல்களை 10 முதல் 15 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் வெற்றிடம் விட வேண்டும். மரச்சீவல் மட்கும்போது அதில் வளரும் பூசணங்கள், மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. பைட்டோப்தோராவின் செல் சுவரிலும் செல்லுலோஸ் உண்டு, ஆகவே அதையும் அவை அரிக்கும். ஒரு மூட்டை மரச்சீவலைப் பெட்டியில் அடைக்க முடியாதுதான், ஆனால் கையேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாமே. இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும்: தொடக்க மாதங்களில் வேர் இன்னும் பழைய பைமண் உருண்டைக்குள்ளேதான் இருக்கும். சுற்றிலும் மண் ஈரமாக இருக்கும்போதே அந்த உருண்டை வறண்டு கிடக்கலாம். விரலை அதற்குள் நுழைத்துப் பார்த்துத்தான் நீர் ஊற்ற வேண்டும்.

நோய்ப் பக்கத்தில் நுனி கருகிய இலையின் படத்தைப் போட்டு, அதற்கும் எண்ணெய் தெளிக்கச் சொல்கிறார்கள். நுனியிலிருந்து ஓரமாக இறங்கும் அந்தக் கருகல் பெரும்பாலும் உப்பு செய்யும் வேலை. நீரிலும் உரத்திலும் உள்ள குளோரைடை அவகாடோ தாங்காது. நல்ல நீரை எப்போதாவது ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே இறக்குவதுதான் வழி, அதுவும் வடிகால் சரியாக இருந்தால்.

மறுபடி வாங்குவேனா? முழுப் பெட்டியாக மாட்டேன். களிமண் தூளைப் பெரிய பொட்டலமாகவும், பசைப்பட்டையையும் சோப்பையும் தனித்தனியாகவும் வாங்கிக்கொள்வேன். எண்ணெயைப் பாதி அளவுப் பாட்டிலில் தந்தால் நல்லது. தேவைப்படும்போது மட்டும் தெளித்தால் ஒரே ஒரு கன்றுக்கு இந்தப் பாட்டில் தீர்வதற்குள் எண்ணெய் பழையதாகி வீரியம் இழந்துவிடும்.