பூனை முடியை எண்ணத் திணறிய பிணந்தின்னி: ஒரு இலவச மின்னூல் பற்றி

பிலிப்பைன்ஸ் பேய்க் கதை என்றால் எல்லோரும் ஆஸ்வாங் என்ற உருமாறும் பேயைத்தான் பேசுகிறார்கள். சரி, அதுவும் பயங்கரம்தான். ஆனால் தெற்கே மிண்டானோ தீவில், டாவோ வளைகுடாவை ஒட்டி வாழும் பகோபோ மக்களிடம் பூசோ என்று ஒன்று இருக்கிறது. புதைத்த பிணத்தைத் தோண்டித் தின்னும் பேய்ச் சாதி. அதைப் பற்றிப் படிக்க வேண்டுமா, குட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும் ‘பிலிப்பைன் ஃபோக் டேல்ஸ்’ மின்னூலை எடுங்கள். பல பேர் தொகுத்த கதைகள் அதில் இருக்கின்றன. நீங்கள் நேராக லாரா வாட்சன் பெனடிக்ட் தொகுத்த பகோபோ பகுதிக்குப் போய்விடுங்கள். இந்த அமெரிக்க மானிடவியலாளர், அதே வளைகுடாக் கரையில் உள்ள சாந்தா குரூஸ் ஊர்ப் பக்கம் அந்த மக்களோடு தங்கிக் கேட்ட கதைகள் இவை, 1913-ல் ஒரு நாட்டுப்புறவியல் இதழில் வந்தவை.

பூசோ குடியிருப்பது பெரிய மரங்களிலும் இடுகாட்டிலும். ஒருவரைப் புதைத்த அன்று இரவே வந்து நகத்தால் தோண்டி, ரத்தத்தைக் குடித்து, சதையைத் தின்றுவிட்டு எலும்பை மட்டும் போட்டுவிட்டுப் போகும். இது எதிர்பார்த்ததுதான். எனக்கு முதுகு சில்லிட்டது அதற்கு அடுத்து வரும் இடத்தில்: ராத்திரி இடுகாட்டுப் பக்கம் போனால் பெரிய இரைச்சல் கேட்குமாம், பூசோக்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அவற்றின் பிள்ளைகள் சுற்றி விளையாடிக்கொண்டிருக்குமாம். குடும்பம் குட்டியோடு! அதோடு, ஆதியில் பூசோவும் மனிதனும் சிநேகிதர்களாம், அப்போது யாருமே சாகவில்லையாம், பூசோதான் சாகவிடாமல் காத்ததாம். எப்போதோ ஒரு சண்டை வந்தது, அதற்கப்புறம் அது நம் கண்ணில் படுவதில்லை.

பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு வழியும் சொல்லியிருக்கிறார்கள். சவப்பெட்டி செய்யும்போது அதிலிருந்து கொஞ்சம் சிராய் செதுக்கி எடுத்து, அந்த மரத்தை வெட்டிய அடிக்கட்டையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். புதைத்த இரவு அங்கே போய் நின்றால் முதலில் மின்மினிக் கூட்டம், பிறகு செத்தவரின் குடல், பிறகு தலைகள், கைகள், கால்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன்னே கடந்து போகும். எந்த அலங்காரமும் இல்லாமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள், அதனாலேயே கூடுதலாகப் பயமாக இருக்கிறது.

இவ்வளவு கொடூரமான ஒன்றை மடக்குவது யார் தெரியுமா? வீட்டுப் பூனை. உன் எஜமானியைத் தின்னட்டுமா என்று பூசோ கேட்க, என் முடியை எல்லாம் எண்ணி முடி, அப்புறம் தின்னு என்கிறது பூனை. அது எண்ண எண்ண, இது வாலை ஆட்டி முதுகைத் தூக்கி முடியைச் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது. கணக்குத் தப்பித் தப்பி, விடிந்தே போகிறது. பகோபோக்கள் பூனையைக் கொல்லாததற்கு இது ஒரு காரணமாம், கொன்றவன் நோயில் விழுந்து இளைத்துச் சாவான் என்பது நம்பிக்கை.

பூசோவுக்காக வந்தவர்கள் மெபுயான் கதையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டுக்கொண்டு, நெல் குத்தும் உரல் மேல் உட்கார்ந்து, உரலோடு சுழன்று பூமிக்குள் இறங்கிவிட்ட பெண் அவள். உடம்பெல்லாம் முலைக்காம்புகள். பால்குடி மறக்காமல் செத்துப்போன குழந்தைகள் முதலில் அவளிடம் போய்த்தான் பால் குடிக்கின்றன, வளர்ந்த பிறகே இறந்தோர் உலகத்துக்குப் போகின்றன. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில் இந்தக் கதையை எப்படிச் சொல்லியிருப்பார்கள், எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. பிணம் தின்னும் கூட்டத்தைக் கற்பனை செய்த அதே மக்கள்தான் இவளையும் கற்பனை செய்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. ‘உலிட்’ என்று வரும் வீரக் கதைகள் நீண்டு இழுக்கின்றன, ஒரே மாதிரி சம்பவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, பாதியில் எனக்கு அலுத்துவிட்டது. பூசோ கதைகளோ சூடு பிடிக்கும்போதே முடிந்துபோகின்றன. அடிக்குறிப்புகள் ஏராளம். முதல் வாசிப்பில் அவற்றை விட்டுவிட்டுக் கதையை மட்டும் படியுங்கள், குறிப்புகளுக்குப் பிறகு வரலாம். மொழி பழைய ஆங்கிலம் என்றாலும் வாக்கியங்கள் சின்னச் சின்னவை, பள்ளி ஆங்கிலமே போதும்.

ஐந்துக்கு நான்கு தருவேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பூனைக் கதையை மட்டும் சொல்லுங்கள், இடுகாட்டுப் பகுதி வேண்டாம்.