விடுப்பில் போன வீரரைத் தேடி: ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவை

முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்ட தம் தாத்தா, விடுப்பில் ஸ்காட்லாந்துக்குப் போய், அதுவரை பார்த்தே இராத ஓர் ‘ஆன்ட்’ வீட்டில் தங்கினார் என்று பக்கத்து வீட்டு மூதாட்டி அடிக்கடி சொல்வார். அது உண்மைதானா என்று பார்க்கத்தான் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தைத் திறந்தேன். அந்தப் போருக்காக ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்தவர்கள் 4 லட்சத்துக்கும் அதிகம். அவர்களுடைய பணிக் கோப்புகள் ‘பி2455’ என்ற வரிசையில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு, கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. ஒரே பெயரில் பலர் இருப்பதால், படை எண் தெரிந்திருந்தால் வேலை எளிது.

சேர்க்கைப் படிவத்தில் பிறந்த ஊரும் நெருங்கிய உறவினர் முகவரியும் இருக்கும். ஆனால் கோப்பின் உயிர் ‘பி.103’ என்ற படிவத்தில்தான் இருக்கிறது. காயம், மருத்துவமனை, தண்டனை, இடமாற்றம் எல்லாவற்றுக்கும் நடுவே, 1917ஆம் ஆண்டின் இறுதியில், பிரிட்டனுக்கு விடுப்பில் சென்றார் என்று ஒரு வரியும், இரண்டு வாரம் கழித்துத் திரும்பினார் என்று அடுத்த வரியும் சுருக்கெழுத்துகளில் தெரிந்தன. மூதாட்டி அந்த இரண்டு வரிகளின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஊருக்குத் திரும்பக் கப்பலில் பல வாரங்கள் ஆகும் என்பதால், இரண்டு வார விடுப்பு கிடைத்த ஆஸ்திரேலிய வீரருக்கு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்தால் எட்டிவிடக்கூடிய உறவினர் வீடுதான் வீடு.

எந்த ஊர், யார் வீடு என்பதைப் படிவம் சொல்வதில்லை. அது படைக்குத் தேவைப்பட்ட கணக்கு மட்டுமே. ஊரையும் வீட்டையும் அறிய ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ஊர்ப் பத்திரிகைகள் அன்று அச்சிட்டு வந்தன. அந்தப் பத்திரிகைகளை அங்கே இலவசமாகத் தேடிப் படிக்கலாம். குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடியதில் மூன்றாம் நாளில் தாத்தாவின் கடிதம் அகப்பட்டது. கதவைத் திறந்தவர் வாசற்படியிலேயே நின்று, அண்ணனின் நெற்றி அப்படியே இருக்கிறது என்று சொல்லி அழுதாராம். ஆங்கிலத்தின் ‘ஆன்ட்’ சித்தியா, மாமியா, பெரியம்மாவா என்று அத்தனை நாளும் தெரியாமல் இருந்த எனக்கு, அவர் அத்தை என்பது அந்த வரியில்தான் விளங்கியது.

பழைய அச்சை இயந்திரம் படித்து எழுத்தாக்கியிருப்பதால் பிழைகள் மிகுதி. அவற்றை வாசகரே திருத்தலாம் என்பது ட்ரோவின் பெரிய சிறப்பு. குடும்பப் பெயரே தவறாகப் பதிவாகியிருந்த இடங்களை அன்றிரவே திருத்தி வைத்தேன். மறுநாள் மூதாட்டி தம் மகனுக்குத் தொலைபேசியில் அந்தக் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினார்.