அடுக்கு ஜேசானும் அதிகாலை மழையும்: டார்ட்டில் என் அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டுகிறவர்களுக்காக ஃபிளட்டரில் (டார்ட் என்ற நிரல்மொழியில் செயலி எழுத உதவும் கருவி) ஒரு சின்ன வானிலைச் செயலி எழுதி, சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். விடியற்காலையில் மழை பிடித்தால் பட்டை நனைந்துவிடும், அன்று வெட்டு இல்லை. வெட்டிய பிறகு பெய்தாலோ மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சேர்ந்த பால் தண்ணீரோடு போய்விடும். பக்கத்து வீட்டுக் கங்காணி அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, காலையில மழையா இல்லையா, அத மட்டும் பெருசா போடு."

தரவு, மலேசிய அரசின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கும் ஏழு நாள் முன்னறிவிப்பு. அது ஜேசான் என்ற உரை வடிவில் வருகிறது. வெளியே ஒரு பட்டியல். அதற்குள் ஓர் இடத்துக்கு, ஒரு நாளுக்கு ஒரு பொருள், அதாவது 'சாவி' என்ற பெயரும் அதற்கான மதிப்புமாகச் சேர்ந்த தொகுப்பு. தேதி, காலை, பிற்பகல், இரவு முன்னறிவிப்புகள், வெப்பநிலை எல்லாம் அந்தப் பொருளின் மேல்மட்டத்திலேயே இருக்கும். ஊர்ப் பெயர் மட்டும் 'லொகேஷன்' என்ற இன்னொரு பொருளுக்குள் இருக்கிறது. வடிகட்டிக் கேட்கும்போதும் இந்த அடுக்கைச் சொல்லியாக வேண்டும்: வெளிச் சாவியையும் உள் சாவியையும் இரட்டை அடிக்கோட்டால் சேர்த்து எழுத வேண்டும். எங்கள் ஊர் குவாலா கங்சார் மாவட்டத்தில் வருவதால் அந்தப் பெயரைக் கொடுத்துக் கேட்கிறேன்.

ஜேசான் உரையைப் பிரித்துத் தரும் டார்ட்டின் ஜேசான் டீகோட் தருவது டைனமிக் வகை, அதாவது உள்ளே என்ன இருக்கிறதென்று முன்கூட்டிச் சரிபார்க்கப்படாதது. சதுர அடைப்பை அடுத்தடுத்துப் போட்டு உள்ளே போகலாம். வெளிச் சாவி இல்லாவிட்டால் 'நல்' (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) மீது அடைப்புப் போட்டதாகச் சொல்லிச் செயலி நின்றுவிடும். 2021-இல் டார்ட் 2.12 வந்தபோது நல் பாதுகாப்போடு ?[ ] வடிவமும் வந்தது. நல் மீது போட்டாலும் அது நிற்காமல் நல்லையே தரும். இரண்டு கேள்விக்குறி சேர்த்தால் மாற்று மதிப்பும் கொடுத்துவிடலாம். செயலி நிற்காது. எனக்குக் கவலையே அங்கேதான். காலை முன்னறிவிப்பு வராத நாளில் வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை) காட்டினால், பார்ப்பவர் 'மழை இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார். அதை நம்பி இருட்டில் மோட்டார் சைக்கிளை எடுப்பவருக்கு அது பொய்த் தகவல். ஊர்ப் பெயருக்கு மாற்று மதிப்பு இருக்கட்டும், மழைக்கு எந்தக் காரணத்தாலும் கூடாது. 'தகவல் வரவில்லை' என்று திரையில் வெளிப்படையாகவே எழுத வேண்டும்.

2023-இல் வந்த டார்ட் 3-இன் பேட்டர்ன், அதாவது தரவின் வடிவத்தை எழுதிப் பொருத்திப் பார்க்கும் வசதி, எனக்கு மிகவும் பிடித்துப்போனது. தேதி ஒரு சரம், காலை முன்னறிவிப்பு ஒரு சரம், லொகேஷனுக்குள் பெயர் ஒரு சரம் என்று முழு வடிவத்தையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம். பொருந்தினால் மாறிகள் கையில், பொருந்தாவிட்டால் வேறு கிளை. சர்வரில் புதிய சாவி சேர்ந்தாலும் மேப் (சாவி-மதிப்புத் தொகுப்பு) பேட்டர்ன் அதைக் கண்டுகொள்ளாது. பட்டியல் பேட்டர்ன் அப்படி இல்லை, மூன்று புள்ளி போடாவிட்டால் எண்ணிக்கை சரியாகப் பொருந்த வேண்டும். வெப்பநிலைக்கு 'டபுள்' (தசம எண் வகை) என்று எழுதாதீர்கள். 23 என்று வந்தால் அது 'இன்ட்' (முழு எண் வகை), பொருந்தாது. 'நம்' (num, பொதுவான எண் வகை) என்று எழுதினால் இரண்டையும் ஏற்கும்.

வகுப்புகளை ஜேசானாக மாற்றும் நிரலைத் தானே எழுதித் தரும் ஜேசான் சீரியலைசபிளையும் பயன்படுத்துகிறேன், சேமிப்பதற்கு. உள்ளே இன்னொரு வகுப்பு இருந்தால் 'எக்ஸ்ப்ளிசிட் டு ஜேசான்' அமைப்பை ட்ரூ ஆக்க வேண்டும். இல்லையென்றால் உள் பொருள் மேப்பாக மாறாமல் அப்படியே நிற்கும். இருபது முப்பது சாவி உள்ள தரவுக்கு இது வசதி. என் அளவுக்குப் பேட்டர்னே போதும்.

தோட்டத்துக்குள் லைன் சரியாகக் கிடைக்காது. அதனால் கடைசியாக வந்த ஜேசானைக் கைப்பேசியிலேயே வைத்திருக்கிறேன். செயலியைப் புதுப்பித்த பிறகும் கைப்பேசியில் இருப்பது பழைய வடிவம்தான், புதிய நிரல் அதைத்தான் முதலில் படிக்கும். அதனால் சேமிக்கும் ஜேசானின் மேல்மட்டத்தில் வடிவ எண் ஒன்றைச் சேர்த்துவிடுவேன். எண் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டு, லைன் கிடைத்ததும் புதிதாகக் கேட்கும். அப்புறம், எந்தத் திரைக் கோப்பிலும் சாவிப் பெயர் கிடையாது. படிப்பது முழுக்க ஒரே கோப்பில் நடக்கும். திரைக்குப் போவது 'காலை மழை' போன்ற தெளிவான புலங்கள் மட்டுமே.

அடுத்து வானிலை எச்சரிக்கைகளைச் சேர்க்கப் போகிறேன். அதில் வெளியிட்ட நேரமும் தலைப்புகளும் ஓர் உள் பொருளுக்குள் இருக்கின்றன. அதற்கும் பேட்டர்ன்தான்.