ஊர் பெருத்ததைப் பாக்க எந்தப் படம் நல்லம்?

ஏ.எல் புவியியல் படிச்ச ஆக்களுக்கு இடவிளக்கப் படம் எண்டாலே ஒரே உயரத்தில இருக்கிற இடங்களைச் சேர்க்கிற சமவுயரக் கோடுதான் ஞாபகம் வரும், ஆனா மட்டக்களப்பு டவுன் பக்கம் அதால ஒரு பிரயோசனமும் இல்ல, 1:50,000 படத்தில 20 மீற்றர் உயரத்துக்கு ஒரு கோடு, கல்லடியும் காத்தான்குடியும் அதுக்குக் கீழ தட்டையாக் கிடக்கு. ரோட்டு, கட்டடம், வயல், தென்னை, வாவிக்கரை, இதுகளைத்தான் பாக்கணும்.

ஒரு மைலை ஒரு அங்குலமாக் காட்டுற பழைய ஒரு அங்குலப் படத்தில ஒரு கிலோமீற்றர் 1.6 சென்ரிமீற்றர்தான், 1:50,000ல 2. கடலுக்கும் வாவிக்கும் நடுவில ஒடுங்கிக் கிடக்கிற நம்ம கரைக்கு இந்த வித்தியாசமே பெருசு. ஆனா ரெண்டையும் பக்கத்தில வெச்சுப் பாக்கிறவங்க கவனம், அளவும் மாறுது, குறியீடும் மாறுது, அதனால வளராத இடமும் வளர்ந்த மாதிரித் தெரியும்.

அம்பாறைக்கு எண்டா பழைய படத்தை அடிக்க ஏலாது. கல்லோயாத் திட்டம் 1949ல தொடங்க முந்தி அளந்த படத்தில சேனநாயக்க சமுத்திரம் எண்ட பெரிய குளமே இருக்காது, பிறகு வந்ததில குளம், வாய்க்கால், குடியேற்றம், ஹிங்குராணை சீனி ஆலைப் பக்கம் எல்லாம் சேர்ந்துடும். திட்டம் போட்டு வந்த ஊர் எப்பிடி எழும்பினது எண்டு இதைவிடத் தெளிவா வேற எங்க பாக்கிற?

இந்த விசயத்தில அமெரிக்காக்காரன்ட பழைய 1:24,000 படம் வேற லெவல். 1906ல இரும்பாலைக்காகவே கட்டின கேரி மாதிரி நகரங்களைச் சுத்திப் பாக்கிறதெண்டா அதுதான். வீடு நெருங்கின இடத்தை ரோஸ் கலரால நிரப்பிட்டு பள்ளிக்கூடம், சேர்ச் மாதிரி முக்கிய கட்டடத்தை மட்டும் போட்டிருந்தாங்க, வான்படத்தைப் பார்த்து களத்தில செக் பண்ணாமச் சேர்த்த திருத்தம் ஊதாக் கலரில இருந்தது. புறநகர் எங்கால நீளுது எண்டு ஒரே தாளில தெரியும், அந்தப் பதிப்புகள் ஒன்லைன்ல சும்மா கிடைக்குது. நம்ம படத்திலயும் இப்பிடி இருந்தா எவ்வளவு சுகம்!

சட்டலைட்டா? லான்ட்சாற் எண்ட அமெரிக்க சட்டலைட் எடுக்கிற படம் 2008ல இருந்து இலவசம், ஆனா ஒரு புள்ளி 30 மீற்றர், ஒழுங்கை தெரியாது. கூகிள் ஏர்த்தில கூரை வரைக்கும் தெரியுது, வருசத்தை இழுத்து இழுத்துப் பாக்கலாம், 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடிக் கரையைப் பாக்கிறதுக்கு அதுதான் வசதி. ஆனா தென்னையும் மாவும் மூடின வளவுக்குள்ள எத்தின வீடு எண்டு அதுக்கும் தெரியாது, கூரையைக் காட்டும், அது பள்ளிக்கூடமா களஞ்சியமா எண்டு சொல்லாது.

என்னட்டக் கேட்டா 1:50,000 ஐ மேசையில விரிச்சுட்டு பக்கத்தில கூகிள் ஏர்த்தைத் திறந்து வெச்சுக்கொள்ளுங்க. படம் அச்சடிச்ச வருசத்தை நம்பாதீங்க, ஓரத்தில அளந்த வருசம் போட்டிருந்தா அதைப் பாருங்க.