பிபிசி மைக்ரோவுக்கு எஸ்டி கார்டு போர்டு: வாங்கலாம், ஆனால் பவர் சப்ளைக்குப் பிறகு

1984-85இல் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ மாடல் பி கம்ப்யூட்டர் எங்காவது ஸ்டோர் ரூமில் தூங்கினால், ஃபிளாப்பி தேடி அலைய வேண்டாம். வெளிக்கருவிகளை இணைக்க அடிப்பக்கத்தில் உள்ள 20 பின் யூசர் போர்ட்டில் செருகும், எஸ்டி கார்டு தாங்கிய சின்ன போர்டே டிஸ்க் டிரைவாகிவிடுகிறது.

ஆனால் எடுத்த எடுப்பில் ஸ்விட்ச் போடாதீர்கள். மதுரை வெயிலில் பூட்டிக் கிடந்த பெட்டியின் பவர் சப்ளையில் இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் உறை விரிசல் விட்டிருக்கும். ஈரம் இறங்கி, கரெண்ட் வந்ததும் புகை கக்கும். மாற்ற வேண்டியவை 0.1, 0.01 மைக்ரோஃபாரட், 275 வோல்ட், மெயின்ஸ் கரெண்டுக்கான பாதுகாப்பு ரகமான எக்ஸ்2. டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் 'எக்ஸ்2' என்று சொல்லிக் கேளுங்கள். சாதாரண கெப்பாசிட்டர் ஆபத்து.

போர்டுக்கு வருவோம். யூசர் போர்ட் தருவது 5 வோல்ட், கார்டுக்கு வேண்டியது 3.3. மின்சாரத்தை 3.3க்கு இறக்கும் ரெகுலேட்டரும், சிக்னல்களை அதற்கேற்ப மாற்றும் லெவல் ஷிஃப்டரும் உள்ளதையே வாங்குங்கள். வெறும் ரெசிஸ்டர் வைத்த மலிவு ரகம் சில கார்டுகளோடு மல்லுக்கட்டும்.

கார்டை டிஸ்க் போலப் படிக்க வைக்கும் எம்எம்எஃப்எஸ் ரோம் மென்பொருளை ஈப்ராம் என்ற மெமரி சிப்பில் எழுதி மதர்போர்டின் வலக்கோடி சாக்கெட்டில் வையுங்கள், முன்னுரிமை அதற்குத்தான். கார்டை ஃபார்மட் செய்ததும் 511 ஃபிளாப்பிகளின் நகல் அடங்கும் ஒற்றை இமேஜ் ஃபைலையே முதலில் ஏற்றுங்கள். அது துண்டு துண்டாகச் சிதறினால் படிக்காது. மொத்தமே சுமார் 100 எம்பி; பழைய 2 ஜிபி கார்டு தாராளம்.

ஒரு குறை: டிஸ்க் ரோம் கொஞ்சம் நினைவகத்தை விழுங்குவதால் சில கேசட் கேம்கள் அப்படியே ஓடாது. எல்லாம் சரியாக இருந்தும் கார்டு தெரியவில்லையா? யூசர் போர்ட்டை இயக்கும் 6522 சிப்பை மாற்றிப் பாருங்கள்.