ஒருவர் அமர ஒரு கூரை: மடக்கித் தூக்கும் தியானக் கூடாரம், நீண்ட நாள் புழக்கத்தில்

படுத்துத் தூங்குவதற்கென்று தைத்த கூடாரத்தில் தியானத்துக்கு உட்கார்ந்தால் அதன் குறை உடனே தெரியும். எடை குறைந்த இருவர் கூடாரங்களின் உச்சி பெரும்பாலும் 100 முதல் 110 செ.மீ. வரைதான். 10 செ.மீ. திண்டின் மேல் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால், நடுத்தர உயரம் உள்ளவரின் தலையே ஒரு மீட்டரைத் தொட்டுவிடும். வாங்கும்போது எல்லோரும் எடையையும் மழை தாங்குமா என்பதையும்தான் பார்க்கிறார்கள். புழக்கத்தில் உட்காருபவரை எழுப்பிவிடுவது பெரும்பாலும் துணியின் சத்தமும் உள்ளே கட்டும் ஈரமும். இந்த இரண்டையும் முன்வைத்து வடிவமைத்தால் மற்றதெல்லாம் எளிது.

வடிவத்தில் சதுரக் கூம்பை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது எங்கள் முடிவு. அடி 180 செ.மீ. சதுரம், உச்சி 160 செ.மீ. என்று வைத்தால், தோள் இருக்கும் 70 செ.மீ. உயரத்தில் ஒரு மீட்டர் அகலம் கிடைக்கும். தலை உயரத்தில் நடுவிலிருந்து சுவர் வரை பக்கத்துக்கு 33 செ.மீ. இருக்கும். நான்கு முக்கோணமும் சேர்ந்து 6.6 சதுர மீட்டர் துணி. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) பாலியெஸ்டரில் தைத்தால் மடிப்பு, ஒட்டுத்துணி எல்லாம் சேர்த்து 600 கிராம் அளவில் முடியும்.

கூம்பின் பெரிய சிக்கல் நடுக்கம்பு. ஆள் உட்கார வேண்டிய இடத்தில்தான் அது நிற்கும். அதற்குப் பதில் இரண்டு கால்களைத் தலைகீழ் ‘வி’ வடிவில் இடது வலது சுவர்களை ஒட்டி நிறுத்துங்கள். கால் ஒன்றுக்கு 184 செ.மீ. நீளம், அதாவது 46 செ.மீ. துண்டுகள் நான்கு, முதுகுப் பையில் சிக்கலில்லாமல் நிற்கும். 16 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிப்பும் உள்ள அலுமினியக் குழாய் போதும். இணைப்புக்குள் போகும் உள்குழாய் 7 செ.மீ.யாவது உள்ளே இறங்க வேண்டும். குழாய் உடைவது பெரும்பாலும் இந்த வாயில்தான்: முழுதாக இறங்காத இணைப்பின் மேல் பாரம் ஏறினால் வாய் முட்டை வடிவில் விரிந்து, பிறகு கீறும். ஃபைபர் கம்பு மலிவு. உடையும்போது சிம்பு சிம்பாகப் பிளந்து கையில் ஏறும், துணியையும் கிழிக்கும். மூங்கில் பயன்படுத்துகிறவர்கள் பச்சையாக வெட்டியதைக் கட்டவே கூடாது. காயக் காயச் சுருங்கிக் கட்டு தளர்ந்துவிடும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்காத மூங்கிலை வண்டு துளைத்து மாவாக்கும்.

மரங்கள் உள்ள இடமென்றால் கம்பே வேண்டாம். தாய்லாந்தின் வனத் துறவிகள் கொசுவலை தொங்கும் பெரிய குடையை, குளோட் என்பார்கள், மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் மாட்டி அதன் கீழ் அமர்கிறார்கள். நடுவிடம் முழுக்கக் காலி. அந்த யோசனை இன்றும் பழுதில்லை. ஒல்லி மரத்தில் மட்டும் கட்டாதீர்கள். மரம் ஆட ஆடத் துணி ஒரு கணம் தொய்ந்து மறுகணம் விறைக்கும், ஒவ்வொரு முறையும் படார் என்று அடிக்கும்.

இனி சத்தம். துணியின் ஓரம் நேர்கோடாக இருந்தால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் தளர்ந்து படபடக்கும். 180 செ.மீ. ஓரத்தை நடுவில் 5 செ.மீ. உள்வாங்கி வளைவாக வெட்டுங்கள். இழுவிசை ஓரம் முழுக்கப் பரவி, துணி அடங்கிவிடும். தைத்த பிறகு திருத்த முடியாத விஷயம் இது, ஆகவே வெட்டும்போதே கவனம் வேண்டும். நைலான் ஈரத்தில் நீள்கிறது. மாலையில் விறைப்பாகக் கட்டியது விடியலில் தொங்கிக் கிடக்கும். பாலியெஸ்டர் அந்த அளவு நீளாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். பருத்தி கான்வாஸ் எல்லாவற்றையும்விட அமைதி, மழைத்துளி விழும் ஓசைகூட மென்மையாகிவிடும். ஆனால் 200 ஜிஎஸ்எம் துணியிலேயே எடை 1.3 கிலோவைத் தாண்டும், நனைந்தால் இன்னும் ஏறும். வண்டி போகும் இடத்துக்குக் கான்வாஸ், நடந்து போகும் இடத்துக்குப் பாலியெஸ்டர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மெல்லிய இழுகயிறு காற்றில் ‘உம்ம்’ என்று ரீங்கரிப்பதும் உண்டு. கயிற்றின் நடுவில் ஒரு துணிக்கீற்றைக் கட்டித் தொங்கவிட்டால் அடங்கிவிடும். வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். பிரிக்கும் ஓசை பக்கத்தில் அமர்ந்திருப்பவரையும் கலைக்கும். ஜிப்பும் இல்லாமல், வாசலில் இரண்டு மடல்களை 30 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று விழவிட்டு, மரக்குச்சியும் கயிற்று வளையமும் வைத்து மூடுவது நல்லது. மணல் ஏறி முதலில் பழுதாகும் பாகம் ஜிப்தான்.

ஈரத்துக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மூச்சும் தோலும் மணிக்குச் சுமார் 30 முதல் 40 கிராம் நீரை வெளியேற்றுகின்றன. மேகமில்லாத இரவில் துணி தன் வெப்பத்தை வானுக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அந்த நீர் உள்பக்கம் முத்து முத்தாகக் கட்டும். மேல்பகுதி தட்டையான குமிழ்க் கூடாரத்தில் அது நேரே உச்சந்தலையில் சொட்டும். மேலே சொன்ன கூம்பின் சுவர் ஏறக்குறைய 60 பாகை சரிவு, துளி துணியோடே வழிந்து கீழே போய்விடும். சொட்டும் ஒரே இடம் கால்கள் கூடும் உச்சி. அங்கே 15 செ.மீ. திறப்பும் அதன்மேல் சிறு தொப்பியும், அடியில் சுற்றிலும் 10 செ.மீ. இடைவெளியும் விட்டால் ஈரக்காற்று மேலேறி வெளியே போகும். அடி இடைவெளியை அடைத்துவிட்டு மேல் திறப்பை மட்டும் வைப்பதில் பயன் குறைவு. மரத்தடியில் பனி குறைவாகவே இறங்கும், ஆனால் மழை விட்ட பிறகும் இலை சொட்டும். பட்ட கிளை மேலே இருந்தால் அந்த இடமே வேண்டாம். பள்ளத்தின் அடியில் குளிர்காற்று வந்து தேங்கும், ஆகவே சற்று மேட்டில் கட்டுங்கள்.

கொசுவலை மாட்டுவதென்றால் அது கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை வலை ஒளியைச் சிதறடித்து வெளிக்காட்சியை மங்கலாக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத மிகச் சிறு பூச்சிகள் உள்ள இடத்துக்கு நெருக்கமான வலை தேவைதான், ஆனால் அது காற்றையும் தடுக்கும்.

தரைவிரிப்பு கூரையின் ஓரத்தைவிட எல்லாப் பக்கமும் 15 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் வழியும் நீரைப் பிடித்து உள்ளே கொண்டுவரும். அதன்மேல் 10 மி.மீ. ஃபோம் பாய், பிறகு திண்டு. தரை சரிவாக இருந்தால் பள்ளத்தைப் பார்த்து உட்காருங்கள். இடுப்பு தானாக முன்சாய்ந்து முதுகு நிமிரும். பள்ளத்துக்கு முதுகு காட்டினால் இடுப்பு பின்னால் சரிந்து, சற்று நேரத்தில் கீழ்முதுகு வலிக்கத் தொடங்கும்.

உள்ளே விளக்கோ ஊதுபத்தியோ ஏற்றாதீர்கள். பாலியெஸ்டர் உருகி ஓட்டையாகும், மூடிய இடத்தில் புகையும் தங்கும்.

பல பருவம் ஓடிய கூடாரத்தைக் கெடுப்பது, அதைச் சுருட்டிவைக்கும் விதம். ஈரத்தோடு மடித்த கான்வாஸில் பூஞ்சணம் புள்ளி விழும். பாலியெஸ்டரின் உட்புறம் நீர் புகாதிருக்க அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சு, ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதைந்து, பிசுபிசுத்து நாறி, செதில் செதிலாக உரியும். அதன்பின் மேலே புதுப் பூச்சு அடித்தாலும் ஒட்டாது. நிழலில் முழுதாகக் காயவிட்டு, இறுக்கிய பையில் திணிக்காமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டுவையுங்கள். கம்பின் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு இருந்தால் நடுத் துண்டிலிருந்து மடிக்கத் தொடங்குங்கள், இழுப்பு இருபுறமும் சமமாக இருக்கும். கடற்கரையில் பயன்படுத்திய அலுமினியத்தை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் இணைப்பில் வெள்ளைப் பொடி பூத்து இறுகிக்கொள்ளும். எப்போதும் பையில் இருக்க வேண்டியது, குழாயின் மேல் செருகக்கூடிய 12 செ.மீ. நீளமுள்ள சற்றுப் பெரிய குழாய்த்துண்டு ஒன்று. கால் முறிந்தால் முறிவின் மேல் அதை நகர்த்தி, இரு முனையிலும் நாடா சுற்றிவிடலாம்.