நாள் கணக்கா, மாத்திரையா, காப்பர் டி-யா?

"அக்கா, நேத்து பதினெட்டாவது நாள். பயமில்லைதானே?"

குடும்ப நலப் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்குத் திங்கட்கிழமை காலைகளில் இந்தக் கேள்வி பழக்கமானது. கேட்டவருக்கு ஒன்றரை வயதில் குழந்தை இருக்கிறது. முந்தைய இரவு ஆணுறை கிழிந்துவிட்டது, கரு தங்கிவிடுமோ என்று பயம். பையிலிருந்து மாதக் காலண்டர் தாள்களை எடுத்து நீட்டினார். பால் கணக்குக்கு நடுவே சிவப்பு மையில் வட்டங்கள்.

எந்த நாளிலிருந்து எண்ணினார் என்று கேட்டேன். "தலைக்கு ஊத்தின நாள்ல இருந்து." இங்கேதான் பலருக்குக் கணக்கு பிசகுகிறது. உதிரப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். அவர் நான்காம் நாள் தலைக்குக் குளித்திருந்தார். ஆக, நேற்று பதினெட்டு அல்ல, இருபத்தொன்று. "அப்ப இன்னும் நல்லதுதானே?" என்றார். தாள்களைப் புரட்டினோம். அவருக்கு ஒரு மாதம் 27 நாளில் வந்திருக்கிறது, இன்னொரு மாதம் 35 நாளில். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு கருமுட்டை வெளியாகும். 35 நாள் சுழற்சி என்றால் அது இருபத்தொன்றாம் நாள். நேற்று!

கருமுட்டைக்கு ஆயுள் ஒரு நாளைத் தாண்டாது, 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடிருக்கும். அதனால் முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் கரு தரிக்கக்கூடிய நாட்கள். வட கரோலினாவில் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. ஐந்து நாள் முன்பு உறவு கொண்டால் வாய்ப்பு 10 சதவீதம், முட்டை வெளியாகும் அன்றே என்றால் 33 சதவீதம். எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் '10 முதல் 17-ஆம் நாள் வரைதான் கரு தரிக்கும்' என்ற கணக்கோ, அதே பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மட்டுமே முழுதாகப் பொருந்தியது.

நாள் கணக்கே வேண்டும் என்பவர்கள் குறைந்தது ஆறு மாதம் குறித்துவைத்து, மிகக் குறுகிய சுழற்சியில் 18-ஐயும், மிக நீண்டதில் 11-ஐயும் கழிக்க வேண்டும். இடைப்பட்டவை தள்ளி இருக்க வேண்டிய நாட்கள்; இவருக்கு அது 9-ஆம் நாள் முதல் 24 வரை. மாதத்தில் பாதி! இந்தக் கணக்கு உறவுக்கு முன்னால் தள்ளி இருக்கத்தான் உதவும். நடந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது, உறவுக்குப் பின் போடும் அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் மறுபடி ஒன்று. தாய்ப்பால் கொடுப்பவர்களும் போடலாம். இது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல. முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். அதன் பலவீனமும் அதுவே: முட்டை ஏற்கெனவே வெளியாகியிருந்தால் பலன் இல்லை. வலிப்பு நோய், காசநோய் மருந்துகளில் சிலவும் இதன் வேகத்தைக் குறைக்கும்.

தமிழ்நாட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. பல மெடிக்கல் ஷாப்களில் கேட்டால் "ஸ்டாக் இல்லை" என்றுதான் பதில் வரும். ஒரு கடையில் நானே கேட்டு, மேலும் கீழும் பார்க்கப்பட்டுத் திரும்பியிருக்கிறேன். மணிக்கணக்கில் ஓடும் விஷயத்தில் ஒரு பெண்ணை இப்படி அலையவிடுவது எனக்குத் தாங்க முடியாத கோபம். நான்கு கடை ஏறி இறங்குவதற்குள், பக்கத்து அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது காப்பர் டி, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் சிறு தாமிரச் சாதனம். இதை அவசரத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. உறவுக்குப் பின் 5 நாளுக்குள் பொருத்தினால் 99 சதவீதத்துக்கு மேல் கரு தரிக்காமல் தடுக்கும். தாமிரம் விந்தணுவைச் செயலிழக்கச் செய்துவிடும். அரசு மருத்துவமனையில் இலவசம். 380ஏ வகை என்றால் அதன்பின் 10 ஆண்டுக்குக் கவலையில்லை, வேண்டாமென்றால் எப்போதும் எடுத்துவிடலாம். பொருத்தும்போது சுருக்கென்று வலிக்கும், முதல் சில மாதம் உதிரப்போக்கு கூடும். கடும் ரத்தசோகை உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். கர்ப்பப்பையில் தொற்று இருந்தால் இப்போது கூடாது.

அந்தப் பெண்ணுக்கு நான் காப்பர் டி-தான் சொன்னேன். நேற்றே முட்டை வெளியாகியிருக்க வாய்ப்புள்ளவருக்கு மாத்திரையை நம்பச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மருத்துவமனைக்கு வரவே வழியில்லாதவர், வீட்டுக்குத் தெரியாமல் தவிப்பவர், இன்றே கிடைக்கும் மாத்திரையை இன்றே போட்டுவிடுவது நல்லது.

போட்டவர்கள் ஒன்று கவனியுங்கள். முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, பின்னால் வரும். அந்த மாதம் முழுக்க ஆணுறை இல்லாமல் வேண்டாம். மூன்று வாரமாகியும் மாதவிலக்கு வராவிட்டால் காலை முதல் சிறுநீரில் பரிசோதித்துப் பாருங்கள்.